1,38,000 ஓடியிருந்தால் குற்றமா?

ஸ்கோடாவின் வேக கார் ஆக்டேவியா ஆர்எஸ் பழையது ஒன்றை வாங்கலாமா என்று யாரிடமாவது யோசனை கேட்டுப் பாருங்கள். எஞ்சின் எப்படி இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள், யார் ஓட்டினார், எந்த ரோட்டில் ஓட்டினார் என்று ஒருத்தர் கேட்க மாட்டார். "எவ்வளவு ஓடியிருக்கு?" அவ்வளவுதான் கேள்வி. 1,38,000 கிலோமீட்டர் என்று சொன்னால் போதும், "எதுக்கு வம்பு, வேற பாரு" என்று தீர்ப்பு வந்துவிடும். லைசென்ஸ்கூட இல்லாதவர் சொல்கிறார் இந்தத் தீர்ப்பை. மாட்டுச் சந்தையில்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தானய்யா விலை பேசுவார்கள்!

அந்த வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2017-ல் ஸ்கோடா இதை இங்கே கொண்டுவந்தபோது ஷோரூம் விலை 24.62 லட்சம். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பார்ப்பதற்குச் சாதுவான குடும்ப கார், 590 லிட்டர் டிக்கி, மிதித்தால் ஏழு விநாடிக்குள் நூறு. 2020-ல் ஆர்எஸ் 245 வந்தது. நாடு முழுக்கச் சேர்த்து 200 வண்டி, விலை 35.99 லட்சம். 2025-ல் அடுத்தது, 100 வண்டி, 49.99 லட்சம். அதுவும் வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. ஆக, மாதச் சம்பளக்காரனுக்கு இந்த ஆசை நிறைவேற வேண்டுமென்றால் 2017, 2018 மாடல் பழைய வண்டிதான் வழி.

அதை அன்றைக்கு வாங்கினவர்கள் எதற்கு வாங்கினார்கள்? போர்ட்டிகோவில் நிறுத்திக் கவர் போட்டு வைக்கவா? ஓட்டுவதற்குத்தான். கோவையில் வீடு, பெங்களூரில் தொழில் என்று இருக்கிற ஆள் வாரா வாரம் போய் வந்தால் வருஷத்துக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் சர்வசாதாரணமாக ஓடும். ஏழு, எட்டு வருஷத்தில் ஒன்றரை லட்சம் ஓடியிருப்பதுதான் இயல்பு. ஆனால் விற்பனைக்கு வரும் வண்டிகளைப் பாருங்கள். 46,000, 52,000, 58,000! எல்லாருமே இந்த வண்டியை வாங்கி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போனார்களா?

ஒரு கார் கன்சல்டிங்கில் 58,000 என்று ஒரு வண்டியைக் காட்டினார்கள். பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ஸ்டியரிங் தோல் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுக்கிறது. டிரைவர் சீட்டில் ஏறி இறங்குகிற பக்கம் நசுங்கித் தையல் விட்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்குமே, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதைப் பார்த்தால் நான்கு டயரும் சமீபத்தில் போட்டவை, ஆனால் டயர் மாற்றிய பில் எங்கே என்றால் தலையைச் சொறிகிறார். "டாக்டர் ஓட்டுன வண்டிங்ணா, நம்பி எடுங்க." தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற கார் எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஜி.எச்.சில் ஏன் அவ்வளவு நீளமான கியூ என்று தெரியவில்லை.

சரி, வண்டிக்குள் பதிவான கோளாறுகளைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். அங்கேதான் முகம் மாறியது. "அதெல்லாம் போட்டா ஈசியூ அடிச்சிருமுங்ணா." எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் அடிக்குமாம்! சர்வீஸ் சென்டரில் வண்டி உள்ளே போனதும் முதல் வேலையே ஸ்கேனர் சொருகுவதுதான். அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. ஸ்கோடாவும் சேர்ந்த வாக்ஸ்வேகன் குழும வண்டிகளில் ஒரு கோளாறு பதிவாகும்போது அந்த நேரத்தில் வண்டி எத்தனை கிலோமீட்டரில் இருந்தது என்பதும் கூடவே பதிவாகும். மீட்டரைத் திருப்புகிற ஆள் டேஷ்போர்டில் தெரிகிற எண்ணைத்தான் பெரும்பாலும் மாற்றுவான். டேஷ்போர்டு 58,000 காட்ட, உள்ளே ஏதோ ஒரு மூலையில் கிடக்கிற பழைய கோளாறுப் பதிவு 1,12,000 என்று சொன்னால் குட்டு உடைந்ததா இல்லையா? ஸ்கேனர் போட விடாத கடையில் டீ கொடுத்தால்கூடக் குடிக்காமல் கிளம்புவது நல்லது.

இதில் கொடுமை என்னவென்றால், கிலோமீட்டர் எல்லாம் ஒரே கிலோமீட்டர் கிடையாது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆபீசுக்கு அவிநாசி ரோட்டு சிக்னல்களில் ஊர்ந்து போய் அணைக்கிறான் ஒருத்தன். ஆயில் முழுச் சூடுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்தது கலந்தபடி கிடக்கும். டிஎஸ்ஜி-க்குள் இரண்டு கிளட்சும் ஒன்றாவது, இரண்டாவது கியரில் மாறி மாறி வழுக்கிக்கொண்டே இருக்கும்.  இப்படி ஐம்பதாயிரம் ஓடிய வண்டியும், சேலம் போகிற என்.எச். 544-ல் ஆறாவது கியரில் 2,000 சொச்சம் ஆர்பிஎம்மில் சீராக ஓடி ஒன்றேகால் லட்சம் தாண்டிய வண்டியும் ஒன்றா? எனக்கு இரண்டாவது வண்டியைத்தான் கொடுங்கள். முதல் வண்டியை அந்தத் தீர்ப்பு சொன்னவருக்கே கொடுங்கள்.

டிஎஸ்ஜி என்றாலே பதறுகிறவர்கள் தனிக் கூட்டம். வாக்ஸ்வேகனின் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் வந்தது ஏழு கியர் டிஎஸ்ஜி, உலர் கிளட்ச். அதன் மெகட்ரானிக்ஸ், அதாவது கியரை மாற்றுகிற கட்டுப்பாட்டுப் பகுதி, படுத்திய பாடு ஊரறிந்தது. 2013-ல் வாக்ஸ்வேகன் உலகம் முழுக்க இருபத்தாறு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததே, அதில் இந்தக் கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றுகிற வேலையும் சேர்த்தி. ஆனால் 2017 ஆர்எஸ்-ல் இருப்பது ஆறு கியர், கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும் வேறு ரகம். இதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அப்படியானால் 1,38,000 ஓடிய வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி ரொம்ப எளிது: ஆயில் மாற்றிய பில் இரண்டு இருக்கிறதா? இரண்டும் இருந்தால் உட்கார்ந்து பேசலாம். "ஷோரூம்லயே பாத்துக்குவாங்க சார்" என்று பதில் வந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம்.

அதேபோல இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் உட்காருகிற பிளாஸ்டிக் கூடு காலப்போக்கில் கசியும். உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி. 1,38,000 ஓடிய வண்டியில் அது அனேகமாக ஏற்கெனவே கசிந்து, ஏற்கெனவே மாற்றி, பில்லும் கோப்பில் இருக்கும். 50,000 ஓடிய வண்டியில் அந்தச் செலவு நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இதை விளக்கினால் யார் காதில் வாங்குகிறார்கள்?

வீட்டில் சொன்னால் வேறு கச்சேரி. மாமா ஆரம்பித்தார். "மாப்ள, அந்தக் காசுக்குப் புது எஸ்யூவி புக் பண்ணலாம்ல? சன்ரூஃப் வரும், உசரமா இருக்கும், வாரண்டி இருக்கும்." மாமா, எனக்கு உயரம் வேண்டாம், கூரையில் ஓட்டை வேண்டாம், வளைவில் ஒழுங்காகத் திரும்புகிற வண்டி வேண்டும் என்று சொன்னால் அவர் அத்தையைப் பார்க்கிறார், அத்தை என்னைப் பார்க்கிறார், இந்த வயதில் இவனுக்கு என்ன ஆச்சு என்கிற பார்வை. வாரண்டி பற்றி அவர் சொன்னது மட்டும் நியாயம். அதை ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் வெறியர்கள். "எடுங்க ப்ரோ, ஸ்டேஜ் ஒன் போட்டா ராக்கெட்டு." இவர்கள்தான் இன்னும் ஆபத்து. ஆலையிலிருந்து 350 நியூட்டன் மீட்டரோடு வந்த எஞ்சினின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி (அதுதான் ஸ்டேஜ் ஒன்) 400-க்கு மேல் ஏற்றி, சிக்னலுக்கு சிக்னல் நின்ற இடத்திலிருந்து பாய வைக்கிற லாஞ்ச் கன்ட்ரோல் போட்டு, கிளட்சைக் கருக்கிவிட்டு, விற்பதற்கு முந்தின வாரம் பழைய புரோகிராமையே ஈசியூவில் ஏற்றி "பக்கா ஸ்டாக் வண்டி" என்று விற்கிறார்கள். மீட்டரைத் திருப்பும் புரோக்கருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? புரோக்கராவது தன்னைக் கார் பிரியர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இந்தக் கேடுகெட்ட நிலைமை எல்லா ஊரிலும் இல்லை. பெல்ஜியத்தில் 2006-லிருந்து கார்-பாஸ் என்று ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு முறை வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதும் அன்றைய கிலோமீட்டரைப் பதிய வேண்டும், விற்கிறவர் அந்தச் சான்றைக் கொடுத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எம்ஓடி என்கிற தகுதிச் சோதனை. பதிவெண்ணைப் போட்டால் எந்த வருஷம் எவ்வளவு ஓடியிருந்தது என்பது அரசுத் தளத்தில் இலவசமாக வந்து விழுகிறது. நம் அரசின் பரிவாகன் தளத்தில் பதிவெண் போட்டால் இன்சூரன்ஸ் தேதி வரும், புகைச் சான்றிதழ் தேதி வரும். வாங்குகிறவன் சொத்தை விற்றுக் கொட்டுகிற காசு எதைப் பார்த்து முடிவாகிறதோ, அந்தக் கிலோமீட்டர் மட்டும் வராது! சர்வீஸ் சென்டரில் கேட்டால், "ஓனர் கேட்டாதான் தருவோம்." ஓனரைக் கேட்டால், "புரோக்கர்கிட்ட பேசிக்கோங்க." 2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டதற்குக் கிடைத்தது சிரிப்புதான்.

பாண்டிச்சேரி பதிவெண் வண்டிகளைப் பற்றி எழுதினால் தனிப் புலம்பல் ஆகிவிடும். அங்கே வரி குறைவு என்று பதிந்த வண்டியை இங்கே மாற்ற வேண்டுமானால் அங்கே என்ஓசி என்கிற ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி, வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வாழ்நாள் வரியைத் திரும்பக் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் ஏற்றிய பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு இங்கே 20 சதவீதம். பழசுக்குக் குறையும்தான், இருந்தாலும் விற்கிறவர் அதை விலையில் சொல்லவே மாட்டார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் மீட்டரில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போட்டு விளம்பரம் கொடுத்திருந்தார். 1,38,000. தடிமனாக ஒரு கோப்பு, முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும். டிஎஸ்ஜி ஆயில் இரண்டு முறை. வாட்டர் பம்ப் கூடு ஒருமுறை. ஸ்கேனர் போடலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா. லிஃப்ட்ல ஏத்திக்கூட பாருங்க" என்றார். முதல் நாள் இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்து காலையில் என் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து காட்டினார், எஞ்சினுக்குள் இருக்கிற டைமிங் செயின் தளர்ந்து சத்தம் கேட்கிறதா என்று நானே கேட்டுக்கொள்ளட்டும் என்று. எந்தச் சத்தமும் இல்லை.

எடுக்கத்தான் போகிறேன். விலையை அடித்துப் பிடித்துக் குறைத்து, குறைத்த பணத்தை அப்படியே தனியாக வைக்கிறேன். பக்கவாட்டு உயரம் குறைந்த இதன் டயர் நாலு மாற்றினால் அரை லட்சத்துக்கு மேல் போகும், நம் ஊரில் தோண்டிப் போட்ட ரோட்டுக்கு அந்த ஒல்லி டயர் எப்போது வீங்கும் என்று சொல்ல முடியாது. மெகட்ரானிக்ஸ் போனால் லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணம் கையில் இல்லாதவர் இந்த வண்டிப் பக்கமே வர வேண்டாம், அது 40,000 ஓடியிருந்தாலும் சரி.

விளம்பரம் போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவரிடம் கேட்டேன். மாசக்கணக்கில் கிடக்கிறதாம். கிலோமீட்டரைக் கேட்டதுமே போனை வைத்துவிடுகிறார்களாம். நடுவில் ஒரு புரோக்கர் வந்து, சில ஆயிரம் கொடுத்தால் எழுபதாயிரமாக மாற்றித் தருகிறேன், ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் கூடவே போகும் என்று சொன்னாராம். இவர் திட்டி அனுப்பியிருக்கிறார். அந்தப் புரோக்கர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எழுபதாயிரம் என்று காட்டியிருந்தால் எங்கள் மாமாவே, "நல்ல வண்டி மாப்ள, விட்றாத" என்று அட்வான்ஸுக்குக் கை நீட்டியிருப்பார்.