முள்ளோடை தாண்டி வேலைக்குப் போனவன் சொல்கிறேன்

பதினோரு வருடம் தினமும் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி வேலைக்குப் போனவன் நான். வீடு கடலூர் மாவட்டத்தில், ரெட்டிச்சாவடி பக்கம். கம்பெனி புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் என் பையைத் திறந்து பார்த்ததெல்லாம் சாயங்காலம் திரும்பும்போதுதான், அதுவும் குவார்ட்டர் பாட்டில் இருக்கிறதா என்று. காலையில் போகும்போது 'எங்கள் ஊர் வேலையைப் பிடுங்க வருகிறாயா' என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்தப் பழங்கதை ஞாபகம் வந்ததற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு. திருப்பூரில் போலி ஆதார் வைத்திருந்த வங்கதேசத்துக்காரர்கள் சிலர் பிடிபட்ட செய்தியை ஒருவன் போட்டான். உடனே இரண்டு கட்சி. 'வேலி போடு, பிடித்து அனுப்பு' என்று ஒன்று. 'அவன் ஊரிலேயே நாலு கம்பெனி வந்தால் அவன் ஏன்டா இங்கே வரப்போகிறான்' என்று இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான். ஆனால் எங்கள் கட்சிக்காரர்கள் இதைச் சொல்கிற வேகத்தைப் பார்த்தால், கம்பெனி திறந்த மறுநாளே எல்லையில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும் போலிருக்கிறது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

என் மச்சினன் கதையைச் சொல்கிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவன் சின்ன வயதில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போனவன். அப்போது அவன் வாயில் வெளிநாடு என்ற பேச்சே வந்ததில்லை. பிறகு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், பி.எஃப். பிடித்தம், எல்லாம். எங்கள் மாமியாருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருடம் கழித்து என்ன செய்தான் தெரியுமா? சம்பளத்தில் கட்டிய சீட்டை எடுத்தான், சம்பளக்காரன் என்பதால் கிடைத்த பெண்ணின் நகையை அடகு வைத்தான், ஏஜெண்டுக்குத் தொண்ணூறாயிரம் கட்டினான், 2007-ல் குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டான். வீட்டு டிரைவர் விசா. அங்கே கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, சம்பளத்தை இழுத்தடிக்க, ஒரு வருடத்தில் அந்த வீட்டை விட்டு ஓடி வெளியில் வேலை பார்த்தான். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அதற்குப் பெயர் 'கல்லிவல்லி'. சட்டப்படி பார்த்தால் திருப்பூரில் பிடிபட்டவனுக்கும் என் மச்சினனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் இதை நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அதே ஊரில் அவனைவிட ஏழைகள் இருந்தார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது அவர்களுக்குக் கூலி வேலையும் போயிற்று. அவர்கள் குவைத் போகவில்லை. பையில் இருந்த ஐந்நூறு ரூபாயோடு திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினார்கள். தூரதேசம் போவதற்கு வறுமை மட்டும் இருந்தால் பத்தாது, கையில் கொஞ்சம் காசும் வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வரும்? உள்ளூர் வேலையிலிருந்துதான்.

இதை நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மைக்கேல் கிளெமென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 2014-லேயே நாடு நாடாகக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். மிக ஏழை நாடு வளர ஆரம்பிக்கும்போது வெளியே போகிறவர்கள் குறைவதில்லை, கூடுகிறார்கள். ஆள் ஒருவருக்கு வருட வருமானம் ஏழெட்டாயிரம் டாலரைத் தொடும் வரைக்கும், அதுவும் விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டிய டாலர், இந்த ஏற்றம்தான். அதற்குப் பிறகுதான் இறங்குகிறது. அவர் கணக்கில் முறையாகப் போகிறவர்களும் சேர்த்தி. திருட்டு வழிக்கு மட்டும் தனிக் கணக்கு இல்லை.

மெக்சிகோவைப் பாருங்கள். எங்கள் கட்சியின் வாதத்தை ஒரு நாடு முழுக்கப் பரிசோதித்தது அங்கேதான். 1994 ஜனவரி 1-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் நாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கம்பெனிகள் மெக்சிகோவுக்குப் போகும், அங்கே வேலை பெருகும், ஆட்கள் வடக்கே வருவது குறையும் என்று இரண்டு பக்கத் தலைவர்களும் சொன்னார்கள். எல்லையோரத் தொழிற்சாலைகளில் வேலை பெருகவும் செய்தது. ஆனால் அதே ஒப்பந்தம் அமெரிக்காவின் மானிய மக்காச்சோளத்தை உள்ளே விட்டதால் சின்ன விவசாயி அடிபட்டான். அந்த டிசம்பரிலேயே பெசோவும் சரிந்தது. ஒரு கையால் ஆலை வேலை கொடுத்துவிட்டு இன்னொரு கையால் சோளக்கொல்லையைப் பிடுங்கினால் அவன் எங்கே போவான்? பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் அனுமதியில்லாமல் இருந்த மெக்சிகோக்காரர்கள் 1995-ல் 29 லட்சம் பேர். 2007-ல் 69 லட்சம்.

இத்தோடு நிறுத்தினால் முதல் கட்சிக்காரர்கள் விசிலடிப்பார்கள். நிறுத்த முடியாது. 2007-க்குப் பிறகு அந்த எண்ணிக்கை இறங்கியது. 2009-லிருந்து 2014 வரை மெக்சிகோவிலிருந்து போனவர்களைவிடத் திரும்பியவர்கள் அதிகம். அமெரிக்காவில் 2008-ல் கட்டட வேலை படுத்துவிட்டது ஒரு காரணம். ஆனால் எனக்குப் பெரியதாகப் படுவது வேறு. 1970 வாக்கில் மெக்சிகோவில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழு குழந்தை. 2010 வாக்கில் இரண்டு சொச்சம். வடக்கே அனுப்ப வீட்டில் நாலாவது பையன் இல்லை. இருக்கிற ஒருத்தனுக்கும் ஊரில் படிப்பு, ஏதோ ஒரு வேலை. அதாவது பலன் கிடைத்தது, ஆனால் ஒரு தலைமுறை கழித்து. ஐந்து வருடத்துக்கொரு தேர்தல் பார்க்கிற அரசியல்வாதிக்கு இது ஆகிற காரியமா?

இன்னொன்றும் உண்டு, வேலி கட்சி கவனிக்க வேண்டியது. 1942-லிருந்து 1964 வரை பிராசெரோ என்று ஒரு ஏற்பாடு. மெக்சிகோக்காரர்கள் ஒப்பந்தத்தில் அறுவடைக்கு வருவார்கள், முடிந்ததும் போவார்கள். அதை மூடிய பிறகும் திருட்டுத்தனமாக அதே போக்குவரத்து நடந்தது. 1994-லிருந்து எல்லையை இறுக்க இறுக்க, உள்ளே வந்தவன் திரும்பிப் போகப் பயந்தான். போனால் மறுபடி வர எவ்வளவு செலவோ, உயிர் மிஞ்சுமோ! அங்கேயே தங்கினான், பெண்டாட்டி பிள்ளைகளையும் வரவழைத்தான். முள்ளோடையில் ஒரு சுவர் கட்டி, மாதம் ஒருமுறைதான் கதவு திறக்கும் என்று சொல்லியிருந்தால் நானும் புதுச்சேரியில்தான் வீடு பார்த்திருப்பேன். அந்தப் பக்கச் சம்பளம் கூடுதல்தான். ஆனாலும் பதினோரு வருடமும் ராத்திரிச் சோறு என் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

திருப்பூருக்கு வருகிறேன். 'வங்கதேசத்தில் கம்பெனி வைத்துக்கொடு' என்று சுலபமாகச் சொல்கிறோம். ஏற்கெனவே வைத்தாயிற்று. 1970-களின் கடைசியில் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பித் தையல் கற்றுக்கொடுத்து ஆரம்பித்த தொழில், இன்று சுமார் 40 லட்சம் பேருக்குச் சோறு போடுகிறது, பெரும்பாலும் பெண்கள். அந்த வேலை இல்லாமல் போயிருந்தால் நாலாயிரம் கிலோமீட்டர் எல்லையில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த வேலை வானத்திலிருந்து குதிக்கவில்லை. வங்கதேசம் ஏழை நாடு என்று 2001-லிருந்து அவர்கள் சட்டைக்கு ஐரோப்பா வரி போடுவதில்லை. நம் சட்டை வரி கட்டித்தான் அங்கே நுழைந்து பழக்கம். 2011-ல் மன்மோகன் சிங் டாக்கா போனபோது நாமும் 46 ஜவுளி இனங்களுக்கு வரியை எடுத்தோம். திருப்பூர் முதலாளிகள் ஆர்டர் போகிறது என்று புலம்புவது சும்மா இல்லை. பக்கத்து நாட்டுக்கு வேலை கொடுப்பது என்றால் நடைமுறையில் இதுதான். அந்த ஆர்டர் போனால் பாதிக்கப்படுவது கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போன என் ஊர்க்காரனும்தான். நான் இதற்குச் சம்மதம் என்றுதான் சொல்வேன், ஆனால் யார் கைக்காசில் தர்மம் செய்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். என் சம்மதத்துக்கு விலை கொடுக்கிறவன் திருப்பூர் டெய்லர்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவில் பல வருடம் இருந்தவர். அவரிடம் இதைப் பேசினபோது மயோத்தைச் சொன்னார். ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவில் ஒரு தீவு, பிரான்சின் மாவட்டம். 70 கிலோமீட்டரில் கொமொரோஸ் நாட்டின் அன்ஜுவான் தீவு, படு ஏழை. அங்கிருந்து சின்னப் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். 2019-ல் பிரான்ஸ் கொமொரோஸுக்கு 15 கோடி யூரோ தருவதாக ஒப்பந்தம் போட்டது. படகு நிற்கவில்லை. 'வேலைக்கு மட்டுமா வருகிறார்கள்? பிரசவத்துக்கு வருகிறார்கள், தம்பி' என்றார் தாத்தா. எனக்குச் சட்டென்று புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. விடியற்காலையில் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஜிப்மர் வாசலுக்கு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஊடுருவல்காரர் என்று யாராவது பெயர் வைத்தார்களா? கம்பெனி வந்தாலும் ஆஸ்பத்திரி இல்லாத ஊரிலிருந்து ஆட்கள் கிளம்பத்தான் செய்வார்கள்.

அப்புறம், எந்த மாதிரி கம்பெனி என்பதும் இருக்கிறது. எங்கள் கம்பெனி வரிச் சலுகைக்காகப் புதுச்சேரிக்கு வந்தது. 2003-ல் உத்தராகண்டுக்கும் இமாச்சலத்துக்கும் மத்திய அரசு புதுச் சலுகை அறிவித்தது. கொஞ்ச நாளில் எங்கள் மிஷின்கள் ஒவ்வொன்றாக லாரி ஏறின, 2007-ல் கேட்டைப் பூட்டினார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் மூன்று பேர் அதற்குப் பிறகுதான் வளைகுடா போனார்கள். மெக்சிகோ எல்லைத் தொழிற்சாலைகளும் 2001-க்குப் பிறகு சீனாவைப் பார்த்து நகர்ந்தபோது இதே கதைதான். ஆலை நிற்குமா என்று தெரியாத ஊரில் ஒருத்தன் மகனை எந்த நம்பிக்கையில் உட்கார வைப்பான்?

குழுவில் சுருக்கமாக 'வேலை கொடுத்தால் குறையும், ஆனால் முதலில் கூடும், அதுவரை போய்வர ஒரு நேர் வழி வேண்டும்' என்று எழுதினேன். இரண்டு கட்சியும் என்னைத் திட்டியது.

மச்சினன் 2018-ல் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தபோது அபராதம் இல்லாமல் வந்து சேர்ந்தான். இப்போது அவனும் முள்ளோடை தாண்டித்தான் ஒரு கம்பெனி வேனை ஓட்டுகிறான். அவன் பையன் பாலிடெக்னிக் முடித்து சிப்காட்டில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் வந்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருப்பதாகச் சொன்னான். 'முறையான விசாதானே?' என்று மட்டும் கேட்டேன். 'ஏஜெண்ட் அப்படித்தான் சொல்கிறார் மாமா' என்றான்.