வாய்க்கால் தூர்வாரக் கவுன்சிலருக்குப் பணம் வந்ததா?

"வார்டு வழியே ஓடும் பாசன வாய்க்காலைத் தூர்வார கவுன்சிலருக்குப் பணம் வந்தாச்சு, அவர்தான் செய்யவில்லை" என்று டெல்டா ஊர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. காவிரியின் கிளை ஆறுகளும் பாசன வாய்க்கால்களும் பெரும்பாலும் நீர்வளத்துறை வசம். பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12-ல் நடக்கும் மேட்டூர் அணை திறப்பை ஒட்டிக் கோடையில் தூர்வாருவதும் அவர்களே. கவுன்சிலர் கையில் பணம் தரப்படுவதில்லை. மதிப்பீடு, மன்றத் தீர்மானம், டெண்டர் என்றுதான் நகராட்சி வேலை நகரும்.

கவுன்சிலரிடம் வலியுறுத்த வேண்டியது தெருச் சாக்கடை. அதன் கடைவாய், அதாவது சாக்கடை வாய்க்காலில் போய் விழும் இடம், வாய்க்காலின் மழைக்கால நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எதிர்த்துத் தெருவுக்கே ஏறும். எவ்வளவு தூர்வாரினாலும் தீராது. அள்ளிய சேற்றை ஓரத்திலேயே குவிப்பதும் வீண், முதல் மழையே உள்ளே தள்ளிவிடும். ஈரம் வடிந்ததும் வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். கடைவாயைப் படமெடுத்து, தெருப் பெயரோடு மனுவாகக் கொடுங்கள்.