பின் சக்கரத்தின் மேல் பழி போடாதீர்கள்

அக்கா மகன் போன மாதம் போன் பண்ணினான். "மாமா, மஹிந்திரா பிஇ 6 எலக்ட்ரிக் கார் புக் பண்ணலாம்னு இருக்கேன். 79 கிலோவாட் அவர் பேட்டரி. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாங்க அம்மா."

பையனுக்கு இருபத்து நான்கு வயது. பெருங்குடியில் வேலை. லைசென்ஸ் கைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இதுவரை ஓட்டியது டிரைவிங் ஸ்கூல் வண்டியும், சேலத்துக்கு வரும்போது அவன் அப்பாவின் பழைய ஹேட்ச்பேக்கும். அதுவும் கடைவீதி பக்கம் போகாமல் பைபாஸில் மட்டும். அவன் கேட்கும் வண்டியில் 282 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. மோட்டார் பின் சக்கரங்களைத்தான் ஓட்டுகிறது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.7 நொடி என்கிறது கம்பெனி.

"வேண்டாம்டா மாப்ளே" என்றேன்.

"ரியர் வீல் டிரைவ்ங்கறதாலயா மாமா? எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றான்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அது இல்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் அந்தக் காரணத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். புதுசா ஓட்டுறவனுக்கு பின் சக்கர வண்டி ஆகாது, பின்பக்கம் வழுக்கி வால் போட்டுச் சுத்திடும், முன் சக்கர வண்டி எடு என்கிறார்கள். கேட்கும்போது ஏதோ ஐரோப்பாவில் பனியில் ஓட்டுகிறவர்கள் சொன்னதை அப்படியே நம் ஊருக்கு இறக்கியது போல இருக்கிறது.

நம் அப்பாக்கள் எதில் ஓட்டப் பழகினார்கள்? அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. எல்லாமே பின் சக்கர இழுவைதான். 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகுதான் முன் சக்கரம் இழுக்கும் கார் நம் ஊரில் வீட்டுக்கு வீடு வந்தது. அதற்கு அப்புறமும் ஆம்னி பின் சக்கரம்தான். பொலிரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா, கிரிஸ்டா எல்லாம் அப்படித்தான். ஏற்காட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் அரசு பஸ் ஏறுகிறது? அதைத் தள்ளுவதும் பின் சக்கரம்தான். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் பின் டயருக்குப் பிடி கூடுகிறது. ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற வண்டிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்த அம்பாசிடரில் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சுமார் 50 குதிரை. அதை வைத்துக்கொண்டு ஈர ரோட்டில் வால் போடவே தனித் திறமை வேண்டும். பையன் கேட்கும் வண்டியில் அது போல ஐந்து இன்ஜின் இருக்கிறது. அப்புறம் அரை இன்ஜினுக்கு மேல் மிச்சம்.

டயரை மாதச் சம்பளக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிடி ஓர் அளவுதான். அதற்குள்தான் திருப்புவது, இழுப்பது, நிறுத்துவது என்று எல்லாச் செலவும். முன் சக்கர வண்டியில் திருப்பும் செலவு, இழுக்கும் செலவு இரண்டும் முன் டயர் தலையில். வளைவில் ஆக்ஸிலேட்டரை ரொம்ப மிதித்தால் முன் டயருக்குச் சம்பளம் பத்தாது. ஸ்டீயரிங்கை ஒடித்தும் வண்டி ஒடியாமல் நேராக விலகும். பயந்துபோய்க் காலை எடுப்பீர்கள். எடுத்ததும் பாரம் முன்னால் வந்து டயர் பிடித்துக்கொள்ளும், வண்டி திரும்பிவிடும். அதாவது உங்கள் பயமே உங்களைக் காப்பாற்றிவிடுகிறது.

பின் சக்கர வண்டியில் முன் டயருக்குத் திருப்புவது மட்டும் வேலை, பின் டயருக்குத் தள்ளுவது. ஸ்டீயரிங் கையில் பேசும் என்பார்களே, அது இதில்தான். ஓட்டத் தெரிந்தவர்கள் மயங்குவது அதற்குத்தான். ஆனால் வளைவில் அதிகமாக மிதித்தால் சம்பளம் தீர்வது பின் டயருக்கு. பின்பக்கம் வெளியே வீசும். பயந்து சட்டென்று காலை எடுத்தாலோ பாரம் முன்னால் ஓடிவிடும். ஏற்கெனவே பிடி இல்லாத பின் டயர் இன்னும் லேசாகிவிடும். இங்கே உங்கள் பயமே உங்களைச் சுற்றிவிடும்.

இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் ஒன்பதாவதோ பத்தாவதோ கொண்டை ஊசி வளைவில் தெரிந்துகொண்டேன்.

நண்பன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் செடான் வாங்கியிருந்தான். பெயர் வேண்டாம், தப்பு வண்டியுடையது இல்லை. எனக்கு அப்போது ஆறு வருட அனுபவம், அத்தனையும் முன் சக்கரச் சின்னக் கார்களில். மழை தூறி நின்றிருந்தது. அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் பார்சல் வாங்கி நண்பன் மடியில் வைத்திருந்தான். "இந்தப் பட்டனை அமுக்கினா வண்டி ஃப்ரீயா போகும்டா" என்று அவனே எதையோ அமுக்கினான். மீட்டரில் மஞ்சளாக ஒரு குட்டிக் கார், அடியில் இரண்டு வளைந்த கோடுகளோடு எரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. கேட்க கௌரவம் விடவில்லை.

வலது வளைவு. பாதி திரும்பியதும் அடுத்த ஏற்றத்துக்காக மிதித்தேன். முதலில் தெரிந்தது இடுப்பில்தான். உட்கார்ந்திருந்த சீட்டை யாரோ இடது பக்கம் இழுத்தது போல இருந்தது. ஆறு வருடப் பழக்கம், கால் தானாக மேலே வந்துவிட்டது. அவ்வளவுதான். கண்ணாடியில் ரோடு போய்ப் பாறை வந்தது, பாறை போய்த் தடுப்புச் சுவர் வந்தது. வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றபோது சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவு இடம். மேலிருந்து இறங்கிய பால் வேன்காரர் நல்லவேளையாகத் தள்ளியே நிறுத்திவிட்டார். இறங்கி வந்து ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், டேஷ்போர்டு முழுக்க வழிந்த சிவப்புச் சட்னியைப் பார்த்தார், ஒரு நொடி அதை ரத்தம் என்றே நினைத்துவிட்டார் பாவம்.

பல நாள் கழித்து ஒரு மெக்கானிக்தான் சொன்னார். நண்பன் அமுக்கியது வண்டி சறுக்காமல் பிடிக்கும் கம்ப்யூட்டரை அணைக்கிற பட்டனாம்.

சரி, இப்போதைய வண்டிகளில் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. மின்சார மோட்டாரின் சக்தியைக் கண் இமைக்கிற நேரத்தில் குறைத்துவிடும், பெட்ரோல் இன்ஜினில் அந்த வேகம் வராது. அதனால் பையன் வாங்கப்போகும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் வால் போடும் என்று நான் சொல்லவே மாட்டேன். அணைக்காமல் விட்டால் பெரும்பாலும் போடாது. அந்த வண்டி பாரத் என்சிஏபி மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் எனக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரருக்கு அது ஒன்று போதும். "இடிச்சாலும் பையனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார். இடிபடுகிறவனும் ஒரு அக்கா மகன்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது.

அப்புறம் எதற்குத்தான் வேண்டாம் என்கிறேன்? பெரிய வண்டி தப்பைக் காட்டிக்கொடுக்காது. என் பயம் அதில்தான்.

கிளட்ச் வைத்த பழைய 800-ஐ நினைத்துப் பாருங்கள். கிளட்சைத் தப்பாக விட்டால் குலுங்கி ஆஃப் ஆகும். தப்பான கியரில் ஏற்றம் ஏறினால் முனகும். எண்பதைத் தாண்டினால் இன்ஜின் கத்தும், கதவு நடுங்கும். வேகமாகப் போகிறாய் என்று வண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து தப்பு, பத்துக்கும் உடனே சின்னச் சின்னதாக அவமானம். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், காது சூடாகும், மறுநாள் அந்தத் தப்பு நடக்காது.

சத்தமே இல்லாத 282 குதிரை வண்டியில் எழுபதும் நூற்றுப்பத்தும் உடம்புக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடிவிடுகிறது. எழுபதில் இருக்கிற மோதும் சக்தி நூறில் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கெல்லாம் சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. புதிதாக ஓட்டுகிறவனுக்கு இன்னொரு ஆபத்து பார்க்கிங்கில். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. கியர் வண்டியில் இடது கால் கிளட்சையும் மிதித்திருந்தால் இன்ஜின் கத்துவதோடு சரி, வண்டி பாயாது. கிளட்சே இல்லாத, மிதித்த அந்த நொடியே முழு டார்க்கும் கொடுக்கிற வண்டியில் எதிர்ச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"பவர் இருந்தா ஓவர்டேக் சேஃப் மாமா, சட்டுனு முடிச்சிடலாம்" என்றான். பத்து வருடம் ஓட்டியவன் சொன்னால் ஒத்துக்கொள்வேன். எதிரில் வரும் லாரி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கண்ணால் எடை போடத் தெரிந்தவனுக்குத்தான் பவர் உதவும். தெரியாதவனுக்கு அது ஆசைதான் காட்டும். சின்ன வண்டிக்காரன் 'இந்த இடைவெளி பத்தாது' என்று லாரிக்குப் பின்னால் ஒதுங்கிக் காத்திருப்பான். அந்தக் காத்திருப்பில்தான் கண் பழகுகிறது.

நம் சட்டத்துக்கு இதைப் பற்றிக் கவலையே இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, கொஞ்ச தூரம் ஓட்டி ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் முடிந்தது. அந்த எல்எம்வி லைசென்ஸ் ஆல்டோவுக்கும் அதுதான், ஐந்நூறு குதிரை வண்டிக்கும் அதுதான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் புது லைசென்ஸ்காரர்கள் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டும் காரை ஓட்டக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அந்தக் கணக்கில் பல மின்சார வண்டிகள் சுலபமாகத் தப்பிவிடும், பேட்டரி எடை அப்படி. பையன் கேட்கும் வண்டி 210 கிலோவாட். அந்த விதியில் மாட்ட வேண்டும் என்றால் எடை 1.6 டன்னுக்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டு அது நடக்காது. ஆக, அங்கே கூட இவனை யாரும் தடுக்க மாட்டார்கள். மாமாதான் தடுக்க வேண்டும்.

அவனுடைய இரண்டாவது யோசனையையும் சொல்லிவிடுகிறேன். அதே பணத்துக்குப் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். "சிங்கப்பெருமாள் கோயில் பக்கம்தான் மாமா ஃபேக்டரி, நம்ம ஊரு வண்டி மாதிரி" என்று வேறு சொன்னான். அந்தத் தொழிற்சாலை அங்கே 2007-லிருந்து இருப்பது உண்மைதான். மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமும் அதே வளாகத்தில்தான். அதனால் என்ன? ஓட்டத் தெரிந்த பிறகு அந்த 3 சீரிஸ் மாதிரி ஒரு வண்டி கிடையாது, எனக்கே ஆசை உண்டு. ஆனால் ஐந்து மாத லைசென்ஸுக்கும் ஐந்து மாதச் சேமிப்புக்கும் அது சரிப்படாது. ஒரு டயர் மாற்றுகிற அன்றைக்கு அவனுக்கே புரியும்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். அப்பாவின் பழைய கியர் வண்டியைச் சென்னைக்கு எடுத்துப் போ. ஒரு வருடம் ஓட்டு, நடுவில் ஒரு ஐப்பசி கார்த்திகை மழை கட்டாயம் வர வேண்டும். முதல் மழையில் ரோட்டில் இருக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து என்ன செய்கிறது என்பதை 60 குதிரையில் பார்த்துக்கொள். அதற்கு அப்புறம் பின் சக்கர வண்டிதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கு, நானே கூட வருகிறேன். வாங்கியதும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் போன்ற இடத்தில் பயிற்சி நடக்கும்போது பணம் கட்டிச் சேர். வால் போட்டால் எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைக் கொடுக்க வேண்டும், காலை மெதுவாக எடுக்க வேண்டும், பார்வை போக வேண்டிய வழியில் இருக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கைக்கு வர நூறு தடவை ஆகும். அந்த நூறும் மலைப்பாதையில் நடக்கக் கூடாது.

பதிலே சொல்லாமல் போனை வைத்தான். கோபம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் தானாகவே அப்பா வண்டிச் சாவியோடு வீட்டு வாசலில் நின்றான். "ஏற்காடு போலாம் மாமா, நான்தான் ஓட்டுவேன்." மூன்றாவது கொண்டை ஊசியில் செகண்டிலேயே ஏற்றப் பார்த்தான், வண்டி முனகி ஆஃப் ஆனது. பின்னால் அரசு பஸ். ஹேண்ட்பிரேக் போட்டான், ஃபர்ஸ்டுக்கு மாற்றினான், மறுபடி ஆஃப். நெற்றியில் வேர்வை. டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. பஸ் இன்ஜினை ஓடவிட்டபடியே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மெதுவா தம்பி, ஹாஃப் கிளட்ச்ல பிடிச்சு விடு, நான் எங்கேயும் போயிட மாட்டேன்" என்றார்.

மூன்றாவது முறை ஏறிவிட்டது.