ஆக்ஸாலிக் அமிலம்: 4.5 கிராம் இல்லை, 6.3 கிராம்தான்

தொண்டி, மண்டபம் பக்கத்து பிளஸ் டூ வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கடற்கரைக் காற்றில் ஆக்ஸாலிக் அமிலம் ஈரம் குடித்துவிடும், சூடாக்கி உலர்த்தி லிட்டருக்கு 4.5 கிராம் போட்டால்தான் 0.1 நார்மல் வரும்." இது தவறு. (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு.)

ஆய்வகப் படிகத்தில் ஒவ்வொரு அமில மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்தே இருக்கும், அது காற்றிலிருந்து ஒட்டிய ஈரம் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் மூலக்கூறு எடை 126.07, சமான எடை (அமிலம் இரண்டு ஹைட்ரஜன் தருவதால் அதில் பாதி) 63, ஆகவே லிட்டருக்கு 6.3 கிராம், 250 மில்லி குடுவைக்கு 1.576. 4.5 என்பது நீர் இல்லாத அமிலத்தின் கணக்கு, படிகத்தையே 4.5 கிராம் எடுத்தால் சுமார் 0.071 நார்மல்தான், அப்புறம் டைட்ரேஷன் (ஒரு கரைசலை வைத்து இன்னொன்றின் செறிவை அளக்கும் சோதனை) கணக்கு முழுக்கக் கோணல். சூடாக்கினால் இன்னும் மோசம், படிக நீர் எவ்வளவு போனது என்றே தெரியாது, நீர் போன பொடிதான் நம்ம ஊர் ஈரத்தை இழுக்கும். ஆவியும் நச்சு, வீட்டு அடுப்பில் வைத்துவிடாதீர்கள்!

காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவது சோடியம் ஹைட்ராக்சைடு. எழுதியவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது.

சந்தேகமா? பாட்டில் லேபிளில் 126.07 என்று இருக்கும், பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், செய்முறைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு முக்கியமாக.