ஜெர்மன் காரு துருவே பிடிக்காதாம்?

"ஜெர்மன் காருல தகடு கெட்டி, துருவே ஏறாது, ஜப்பான் காருதான் அரிச்சுப் போவும்"னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துது, இது தப்புங்க. 1995ல வந்த மெர்சிடிஸ் ஈ கிளாஸ், கம்பெனி கோடுல டபிள்யூ210, துருவுக்கே பேர் போன வண்டி, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல இருக்குற வளைவு), கதவு அடிப்பக்கம் மட்டுமில்ல, முன்னாடி ஸ்பிரிங் உக்கார்ற இடமே அரிச்சுப் போயிருக்கு, அதுவும் அவ்ளோ காசு குடுத்து வாங்குன வண்டியில! அதே ஜெர்மனியில ஆடி கம்பெனி 1980கள்ல 'ஆடி 100'ங்கிற காரோட பாடி முழுக்க துத்தநாகப் பூச்சு போட்ட தகட்டுல பண்ணாங்க, அது நல்லா தாங்குச்சு. ஸோ நாட்டை வெச்சு சொல்ல முடியாது.

ஜப்பான் பத்தி சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அமெரிக்காவுல டொயோட்டா டகோமா பிக்கப்போட சேஸிஸ் (வண்டியைத் தாங்குற அடிச்சட்டம்) துருப்பிடிச்சு கேஸாகி 2016ல கம்பெனி செட்டில்மென்ட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க, ஆனா அங்க பனிக்கு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அந்த உப்புத்தண்ணிதான் அடியில போய் உக்காந்துக்குது.

தகடு கெட்டியா இருந்தா ஓட்டை விழ லேட்டாகும், அவ்ளோதான். துத்தநாகப் பூச்சு, பெயின்ட்டுக்கு முன்னாடி போடுற ப்ரைமர், கதவுக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டை அடைக்காம இருக்குறது, இதுங்கதான் மேட்டர். செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க லோகோவ பாக்காம வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பாருங்க.