மடியில் இருந்த அறிக்கை

இந்தக் கிழமை மெனக்கெட்டு இருந்து, அல் ஜசீராவின் ‘ஹெட் டு ஹெட்’ நிகழ்ச்சியில் இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க மாட்டுப்பட்ட அந்தப் பேட்டியைத் திரும்பவும் முழுதாகப் பார்த்தேன். 2025 மார்ச் 6இல் அது ஒளிபரப்பானபோது எல்லாரையும்போல நானும் வெட்டி ஒட்டிய துண்டுகளைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. முழுதாகப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வராது.

லண்டன் கொன்வே மண்டபத்தில், சனத்துக்கு முன்னால் பதிவான நிகழ்ச்சி. எதிர்க் கதிரையில் நிகழ்ச்சியை நடத்துகிற மெஹ்தி ஹசன். பக்கத்தில் மூன்று பேர்: பிபிசியின் முன்னாள் இலங்கைச் செய்தியாளர் பிரான்செஸ் ஹாரிசன், கலாநிதி மதுரா இராசரத்தினம், ரணிலுக்காகப் பேச வந்த நிர்ஜ் தேவா.

“கிழி கிழியென்று கிழித்தார்” என்று எங்கட ஆட்கள் கொண்டாடினார்கள். எனக்கு அந்தக் கிழிப்பில் பெரிய மரியாதை இல்லை. ஹசனிடம் இருக்கிற கெட்ட பழக்கமே, ஆள் வாய் திறக்க முன்னம் அடுத்த கேள்வியைத் தூக்கிப் போடுவது. இரண்டு மணித்தியாலம் பேசியதை ஒரு மணித்தியாலமாக வெட்டிவிட்டார்கள் என்று ரணில் பிறகு குறைப்பட்டதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். நீ பிறக்க முதலே நான் அரசியலில் இருக்கிறேன் என்ற மாதிரி ஒரு வசனமும் விட்டார். கணக்குப் பிழையில்லை: அவர் பாராளுமன்றம் போனது 1977, ஹசன் பிறந்தது 1979. ஆனால் கேட்டது வயதை அல்லவே.

என்னைப் பிடித்து நிறுத்திய இடம் பட்டலந்த. பியகமவுக்குப் பக்கத்தில் அரச உரக் கூட்டுத்தாபனத்தின் வீட்டுத்திட்டம் அது. 1988, 89இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியை அடக்கிய காலத்தில் அங்கே இளைஞர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டை விசாரிக்க, 1995இல் ஜனாதிபதி சந்திரிகா ஆணைக்குழு போட்டார். 1998இல் அறிக்கை வந்தது. 1989இல் கைத்தொழில் அமைச்சராக இருந்த ரணிலுக்கு அந்தச் சித்திரவதை இடங்கள் நடந்ததில் மறைமுகப் பொறுப்பு உண்டு என்று அது சொன்னது. அவர் அன்றைக்கும் மறுத்தார், இன்றைக்கும் மறுக்கிறார். வீடுகளைப் பொலிஸுக்குக் கொடுத்ததற்கு மேல் தனக்குச் சம்பந்தமில்லை என்பது அவருடைய கதை.

பேட்டியில் அந்தப் பேச்சு வந்ததும் ரணில் கேட்டது, எங்கே அறிக்கை என்று. ஹசன் எடுத்துக் காட்டினார். உடனே கதை மாறியது: அது பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படவில்லையாம். அரை நிமிடம்கூட இருக்காது. கத்தலும் இல்லை, நக்கலும் இல்லை. ஒரு கட்டுக் காகிதம், அவ்வளவுதான்.

இனித்தான் எனக்கு வெட்கம் வருகிற பகுதி. எட்டே நாளில், மார்ச் 14ஆம் திகதி, சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க அதே அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்தார். ஏப்ரலில் விவாதமும் நடந்தது. இருபத்தேழு வருடம் அலுமாரியில் கிடந்ததை வெளியே எடுக்க டோகாவில் இருக்கிற ஒரு தொலைக்காட்சி வேண்டியிருந்தது. ஆட்கள் செத்தது ஜே.வி.பி.யின் பக்கத்தில். அந்த ஜே.வி.பி. 2004இல் சந்திரிகாவோடு அமைச்சரவையில் இருந்தது. பிறகு 2024இல் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவே அப்போது விவசாய அமைச்சர். அப்போதெல்லாம் இந்த அறிக்கை யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலும்.

எங்கட சனல்களைச் சொல்லவே வேண்டாம், சிங்களம், தமிழ் இரண்டும்தான். முன்னாள் ஜனாதிபதி ஒருவரைக் கூப்பிட்டால் “ஐயா, உங்கட அனுபவத்தில்...” என்று தொடங்கி, ஐயாவுக்கு வசதியான இடத்தில் முடிப்பார்கள். ஆணைக்குழு அறிக்கை வாசித்துவிட்டு வந்து இருக்கிற நெறியாளர் எத்தனை பேர்? வாசிக்க நேரம் கொடுக்கிற முதலாளி எத்தனை பேர்? நெறியாளர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கொழும்பில் ஒரு கேள்விக்குக் கொடுக்கிற விலை வேறு, லண்டனில் வேறு. ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவை 2009 ஜனவரியில் பட்டப்பகலில் கொன்றதை யாரும் மறந்துவிடவில்லை.

சரி, எங்கட பகுதி? அதுவும் அந்தப் பேட்டியில் இருந்தது. யுத்தத்தின் கடைசி மாதங்கள், பொறுப்புக்கூறல், 2020இல் அமெரிக்கா பயணத்தடை போட்ட இராணுவ அதிகாரி சவேந்திர சில்வாவை ரணில் ஏன் பதவியில் வைத்திருந்தார் என்ற கேள்வி, எல்லாமே கேட்கப்பட்டன. மதுரா இராசரத்தினம் இருந்து நேராகவே கேட்டார். ஆனால் அடுத்த நாள் தெற்கில் பற்றியது பட்டலந்த மட்டும்தான். முகநூலில் எனக்கு இருக்கிற சிங்கள நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காணொளியைப் பகிர்ந்தார்கள். ஒருவர்கூட முள்ளிவாய்க்கால் வருகிற துண்டைப் பகிரவில்லை. கெட்டவர்கள் இல்லை, நல்ல பிள்ளைகள். அது அவர்களுக்கு நொந்த இடம் இல்லை, அவ்வளவுதான். பட்டலந்தவில் அடிபட்டவர்களின் தாய்மாருக்கு இவ்வளவு பிந்தியாவது ஏதோ ஒன்று நடந்ததில் எனக்குப் பொறாமை இல்லை. இல்லை என்று எழுதிவிட்டேன், கொஞ்சம் இருக்கிறது.

ஏனென்றால் காகிதத்துக்கு எங்களிடமும் பஞ்சமில்லை. 1977 கலவரத்துக்கு சன்சோனி ஆணைக்குழு. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களையும், அதே வருடம் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களையும் விசாரிக்க உடலாகம ஆணைக்குழு. பிறகு எல்.எல்.ஆர்.சி. என்கிற கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, அதற்குப் பிறகு காணாமல் போனோரை விசாரித்த பரணகம ஆணைக்குழு. உடலாகம அறிக்கைக்கு, பாராளுமன்றத்தில் வைக்கவில்லை என்ற சாட்டும் கிடையாது. 2015 ஒக்டோபரிலேயே வைத்தாயிற்று, அதுவும் ரணில் பிரதமராக இருந்தபோது. மாணவர் வழக்கில் சந்தேக நபர்களான 13 அதிரடிப்படையினரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்த அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, பதவியில் இருந்த யாரையாவது எதிர்க் கதிரையில் இருத்திப் பக்கம் பக்கமாகக் கேட்ட ஒரு உள்ளூர் நிகழ்ச்சி, எந்த மொழியில் என்றாலும் சரி, என் கண்ணில் இதுவரைக்கும் படவில்லை. யாராவது பார்த்திருந்தால் கீழே இணைப்பைப் போடுங்கோ.