கியர் ஹெட்டால் இணைமாறு பிழை நீங்காது

முக்காலியின் மேல் கேமராவைத் தாங்கி, பற்சக்கரக் குமிழ்களால் திருப்பும் தலைப்பகுதியான கியர் ஹெட்டை வாங்கிவிட்டால் கிருஷ்ணாபுரம் கோயில் மண்டபத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒரே படமாக இணைக்கும்போது தூண்கள் பிசகாது என்று ஒருவர் எழுதியிருப்பது பாதியளவே சரி. பற்சக்கரக் குமிழ்கள் மூன்று அச்சுகளையும் தனித்தனியே நகர்த்துவதால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் கலையா. உருண்டை மூட்டில் திரும்பும் பால் ஹெட்டை இறுக்கும்போது நேரும் சிறு சரிவும் இங்கே பெரும்பாலும் இல்லை. சிற்பத்துக்கு நேர் எதிரே கேமராவைத் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் செங்குத்தாக நிறுத்த இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

ஆனால் முன்தூணும் பின்தூணும் இணைப்பில் ஒன்றுக்கொன்று விலகித் தெரிவதற்கு, அதாவது இணைமாறு பிழைக்கு, காரணம் வேறு: கேமரா திரும்பும் அச்சு லென்ஸின் நுழைவுத் துளை (முன்னிருந்து பார்க்கும்போது லென்ஸுக்குள் தெரியும் ஒளித்துளையின் பிம்பம்) வழியே செல்லாததுதான் அது. கியர் ஹெட் கோணத்தை மாற்றுமே தவிர, கேமராவை முன்பின்னாக நகர்த்தாது. அதற்கு நோடல் ரயில் எனப்படும் நகர்த்துதண்டு தனியே வேண்டும். மேலும் பெரும்பாலான கியர் ஹெட்களில் கேமராவை இடவலமாகத் திருப்பும் கிடைச்சுழற்சி அடிப்பகுதியில் அமைந்திருப்பதால், முக்காலியின் கால்களைச் சமன் செய்யாமல் மேலே மட்டும் குமிழிமட்டம் பார்த்துத் திருப்பினால் அடுத்த சட்டகத்திலேயே அடிவானம் சாய்ந்துவிடும். பல்லாயிரம் ரூபாய் செலவழிக்கும் முன் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தாமிரபரணிக் கரையிலிருந்து தொலைவில் தெரியும் பொதிகை மலையை மட்டும் எடுப்பவருக்கு, அருகில் பொருள் எதுவும் இல்லாதவரை, அந்தத் தண்டும் தேவையில்லை.